தரையில் விழுந்த வெயில்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

திரைப்படத்தில் மழை பெய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதாநாயகி நனைகிறாள், வில்லன் சேற்றில் விழுகிறான், கொட்டகையில் சீழ்க்கை பறக்கிறது. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு, வானத்தைப் பார்க்காமலே, புயல் வரப்போகிறது என்று தெரிவதாகக் காட்ட வேண்டுமானால் என்ன செய்வார்கள் என்று எப்போதேனும் எண்ணியதுண்டா? சென்ற ஜூன் மாதம் வரை நானும் எண்ணியதில்லை. அந்த மாதம் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலிக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும், ஒரு படப்பிடிப்பில் எடுபிடியாக வேலை செய்தேன். அங்கே வெயிலைப் புயலாக மாற்றும் கயிறு என் கையில் தரப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேனிக்காரர்களுக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும் நம் மண்ணின் பெயரைத் திரையுலகில் நிலைநாட்டியவர்கள். 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில், நிவாஸ் அவர்களின் ஒளிப்பதிவில், தமிழ் சினிமா ஸ்டூடியோச் சுவரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன்பின் நம் பக்கத்து ஆலமரமும் ஓடைக்கரையும் ஓட்டு வீடும் கேமராவுக்குப் பழகிப்போயின. ஆகவே, உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள், ஆள் வேண்டும் என்று செய்தி வந்தபோது நான் வியக்கவில்லை. விடுமுறை, கையில் காசில்லை, போனேன்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே பளீரென்று வெயில் அடிக்கிறது. இவர்களோ வீட்டின் சன்னலுக்கு வெளியே, கொல்லைப்புறம் முழுவதையும் கறுப்புத் துணிப் பந்தல் போட்டு மூடுகிறார்கள். மூடிவிட்டு அந்த இருட்டுக்குள்ளே ஒரு பெரிய விளக்கை ஏற்றி, அதைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் அடிக்கிறார்கள். 'இருக்கிற சூரியனை மறைத்துவிட்டு இல்லாத சூரியனைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே!' என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

என் சிரிப்பு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. நம் பள்ளத்தாக்கின் ஜூன் மாதம் நமக்குத் தெரியாததா? மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாகவும் சாரலாகவும் இறங்குகிறது. (அந்த மழைதான் 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் வயலுக்கு வருகிறது. ஆகவே குறை சொல்வதற்கில்லை!) மலைமுகட்டைத் தாண்டி மேகம் ஒன்று வரும், வெயில் போகும், மேகம் கலையும், வெயில் வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு வானம்! இந்த வானத்தை நம்பி ஒரு காட்சியை மூன்று தடவை எடுத்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். அதனால்தான் அவர்கள் சூரியனைப் பூட்டி வைத்துவிட்டுத் தங்களுக்குக் கட்டுப்பட்ட சூரியனைக் கொண்டுவந்தார்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை, அந்தக் கறுப்புப் பந்தலைக் காற்று கொண்டுபோகாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

இரண்டாம் நாள்தான் காட்சியின் விவரம் தெரிந்தது. ஒரு விவசாயியின் மனைவி கூடத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைக்கிறாள். சன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வெயில் போய்விட வேண்டும். அவள் நிமிர வேண்டும். பிறகு காற்று, புழுதி, மின்னல், மழை. எல்லாம் ஒரே ஓட்டத்தில், கேமராவை நிறுத்தாமல்.

"பல்பை மெதுவாகக் குறைத்தால் போகிறது. இதற்கு எதற்கு இத்தனை துணி?" என்று, இயற்பியல் மாணவன் என்ற மிடுக்கில், தலைமை லைட்மேனிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். கோபிக்கவில்லை.

"தம்பி, பழைய குண்டு பல்பைக் குறைச்சா என்ன ஆகும்?"

"வெளிச்சம் குறையும்ண்ணே."

"அதோட?"

யோசித்தேன். இழையின் வெப்பம் குறைகிறது. வெப்பம் குறைந்தால் நிறம் சிவப்பை நோக்கிப் போகிறது. வகுப்பிலே கரும்பொருள் கதிர்வீச்சு என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்! "சிவப்பாகும்ண்ணே" என்றேன்.

"அப்போ அது புயலா வராது, சாயங்காலமா வந்துரும். புயலுக்கு வெளிச்சம் சாம்பலா, கொஞ்சம் நீலமா போகணும்" என்றார் அவர்.

டங்ஸ்டன் விளக்கு ஏறத்தாழ 3,200 கெல்வின், நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 5,500, மூடிய வானம் 6,500-க்கும் மேல் என்று பின்னர் நூலகத்தில் பார்த்துக்கொண்டேன். இப்போதைய எல்.இ.டி. விளக்கை நிறம் மாறாமல் குறைக்கலாம். ஆனால் சன்னலுக்கு வெளியே எங்கள் சூரியனாக நின்றது எச்.எம்.ஐ. என்னும் பெரிய வில்விளக்கு. அதை ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. ஆகவே விளக்கு எரிந்துகொண்டேயிருக்க, அதன் முன்னால் துணியை இழுத்துத்தான் வெயிலைக் கொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அங்கே கற்றேன். அந்த அறைக்குள் இரண்டு வெளிச்சங்கள் இருந்தன. ஒன்று சூரியன்: தூரத்தில் நிற்கும் ஒற்றை விளக்கு, கூர்மையான நிழல். மற்றொன்று வானம்: கூரைக்குக் கீழே கட்டிய வெள்ளைத் துணியில் விளக்கை அடித்து, அங்கிருந்து திரும்பி எங்கும் பரவும் மெல்லிய ஒளி. அதற்கு நிழலே இல்லை. புயல் என்பது புதிதாக எதையும் கொண்டுவருவதல்ல. இருக்கிற இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவது. சூரியன் போனபின் மிஞ்சும் வானந்தான் புயலுக்கு முந்திய வெளிச்சம்.

இந்த வெள்ளைத் துணி வித்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-இல் வெளிவந்தது. காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். மழைக்காலத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார்களாம். மேலே வானம் இல்லாத அந்த முற்றத்துக்கு வானத்தின் வெளிச்சம் வேண்டுமே! ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, துணியையே வானமாக்கிவிட்டார். 'பதேர் பாஞ்சாலி'யில் முதன்முதலாகச் சினிமா கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது என்று கேட்டபோது, இருபது வயதான எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே இருவர் 1964-இல் எடுத்த 'சாருலதா'வில், வெயிற்காலப் பிற்பகலில் அறை அறையாக அலுத்துத் திரியும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள், கணவனின் தம்பி முறையான இளைஞன் புயற்காற்றோடு வந்து நுழைகிறான். அந்த வீட்டு அறைகளும் ஸ்டூடியோவில் கட்டியவையே. மழைக்குப் பயந்து உள்ளே போனவர்கள் உள்ளேயே ஒரு புயலைச் செய்துகொண்டார்கள்!

இனி என் கயிற்றுக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் காலை, விளக்குக்கு முன்னால் கறுப்புத் துணியை இழுக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். தலைமை லைட்மேன் என்னைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். கேமரா ஓடத் தொடங்கியது. சைகை வந்தது. பயத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

"கட்! என்னப்பா, கரண்டு போன மாதிரி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது. இரண்டாம் தடவை மிக மெதுவாக, ஒரே சீராக இழுத்தேன்.

"கட்! பொழுது சாயற மாதிரி இருக்கு. புயல் எங்கே?"

மூன்றாம் தடவையும் சரிவரவில்லை. ஒளிப்பதிவாளர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு ஆளைப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "நீ இந்த ஊர்க்காரன்தானே? உங்க ஊர்ல வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா மழை வர்றது எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

என் தொண்டை அடைத்தது. ஏனென்றால் எனக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மே மாதம் அது. அப்பா சின்னமனூர்ப் பக்கம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, கடன் வாங்கி வாழை வைத்திருந்தார். 900 கன்று, நாழிப்பூவன். தார் இறங்கி முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வெட்டு. பாதி மரங்களுக்கு முட்டுக் கம்பு கொடுத்தாயிற்று; மீதிக்குக் கம்பு வாங்கக் காசில்லை. அன்று பிற்பகல் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாக வெயில் தரையில் ஒரு பலகை போல விழுந்து கிடக்கும்.

அரிவாள் தீட்டும் ஓசை நின்றது. அப்பா வாசலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயில் பலகையின் ஓரம் கலங்கியது. வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. ஓரம் மட்டும் தண்ணீர் பட்ட மை போலக் கரைந்தது. பிறகு ஒரு கணம் பழைய கூர்மையோடு, முன்னைவிடப் பளிச்சென்று திரும்பி வந்தது. நான் மேகம் விலகிவிட்டது என்று நினைத்தேன். அப்பா, "போச்சு" என்றார். அந்த ஒரு சொல்தான். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் தெருவைத் தாண்டும்போதே பலகை மறைந்துவிட்டது. அதற்குப் பின்னர்தான் காற்று வந்தது.

ஓடி என்ன பயன்? காற்றைக் கையால் பிடிக்க முடியுமா? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரங்கள் இடுப்பொடிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 600-க்கு மேல் போயிருந்தது. முற்றாத தாரை யார் வாங்குவார்கள்? அந்த வாரமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக நான் பையைக் கட்டினேன். அம்மாதான் பையைப் பிரித்துப் போட்டாள். "நீ படிய்யா. நான் ஏலக்காட்டுக்குப் போறேன்" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை, கோழி கூவுமுன் எழுந்து, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலுக்கு அம்மா போய்வருவது மலைப்பாதை வழியாக.

இவ்வளவையும் நான் ஒளிப்பதிவாளரிடம் சொல்லவில்லை. "சார், வெயில் ஒரே தடவையில் போகாது. முதலில் ஓரம் மங்கும். அப்புறம் ஒரு தடவை பளிச்சென்று திரும்பி வரும். அதற்கப்புறம்தான் போகும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு விளக்குக்கு முன்னால் கறுப்புத் துணியோடு ஒரு மெல்லிய வெள்ளைத் துணியையும் கட்டச் சொன்னார். முதலில் வெள்ளைத் துணி, அதை விலக்கு, இரண்டு எண்ணு, பிறகு கறுப்பு. கயிறு இரண்டாயிற்று.

நான்காம் தடவை. வெள்ளைத் துணியை இழுத்தேன். தரையில் விழுந்திருந்த சன்னல் கம்பிகளின் நிழல் கரைந்தது. விலக்கினேன். வெயில் சுள்ளென்று திரும்பியது. சுளகு புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் கை தானாக நின்றது. அவர் நிமிரவில்லை, தரையைப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ! ஒன்று, இரண்டு. கறுப்பை இழுத்தேன். கூடம் சாம்பல் நிறமாயிற்று. விசிறிக் காற்றில் புழுதியும் சருகும் உள்ளே பறந்தன. வேறொருவர் மற்றொரு விளக்கின் தகட்டைப் படபடவென்று திறந்து மூட, மின்னல் வெட்டியது. சன்னலுக்கு வெளியே குழாய் மழை பொழிந்தது. மழைக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு. அது இல்லாவிட்டால் துளிகள் கேமராவுக்குத் தெரியாதாம். "ஓகே!" என்ற குரல் கேட்டபோதுதான் என் கைகள் நடுங்குவதை உணர்ந்தேன்.

வெளியே வந்தேன். கண் கூசியது. ஊர் முழுவதும் வெயில்!

இந்தக் காட்சியின் இயற்பியலைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர், தூரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். ஒன்றுக்கு நூற்றுச் சொச்சம். ஆகவே பத்தடி உயரத்துக் கண்ணாடி ஓட்டின் விளிம்பு, தரையில் ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்துக்கு மங்கலாக விழும். அதுதான் புறநிழல். மெல்லிய மேகம் குறுக்கே வந்தால், ஒளி அந்த மேகத்தில் சிதறி, சூரியனைச் சுற்றிலும் இருந்து வருவதாகிவிடுகிறது. ஒளி வரும் இடம் அகன்றால் நிழலின் ஓரம் கரையும். முன்னே வரும் மெல்லிய மேகத்துக்கும் பின்னே வரும் கருமேகத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தால், வெயில் ஒரு கணம் திரும்பி வரும். கருநிழல், புறநிழல் என்ற சொற்களை நான் ஏழெட்டு ஆண்டுகள் புத்தகத்தில் படித்தேன். அப்பா அந்தச் சொற்களைக் கேட்டதே இல்லை. ஆனால் அந்த ஓர் அங்குலத்தை அவர் நாற்பது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறார். படித்தவன் யார் என்று அன்றிரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். 1939-இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் அவர். பள்ளிச் சுற்றுலாவாகப் போனபோது, டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் இலங்கையில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். இயக்குநர் 'மழை' என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது! கடவுளைப் போல மழையை வரவழைக்கும் இந்த வேலைதான் எனக்கும் வேண்டும் என்று அந்தச் சிறுவன் அன்றே முடிவு செய்தானாம். பின்னாளில் 1982-இல் அவர் எடுத்த 'மூன்றாம் பிறை'யின் முடிவில், கேத்தி இரயில் நிலையத்தில் கொட்டும் மழையை மறந்தவர் யார்? அப்படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். 'மழை' என்று சொன்னால் வரவழைக்க ஒருவருக்கு முடிகிறது. 'போச்சு' என்று சொல்லத்தான் மற்றொருவருக்கு முடிகிறது. அந்த 'போச்சு'வை எடுத்துக்கொண்டுபோய் 500 ரூபாய்க் கூலிக்குக் கொடுத்துவிட்டேனோ என்று ஓர் உறுத்தல்.

மூன்று நாள் கூலி 1,500 ரூபாயை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு மிகக் கவனமாகக் கேட்டார்.

"வெயில் திரும்பி வந்துச்சே, எவ்வளவு நேரம் விட்ட?"

"ரெண்டு எண்ணுறவரைக்கும்ப்பா."

"அது பத்தாது. நாலாவது எண்ணணும். அப்பத்தான் ஆளு ஏமாறும்."

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தம்மா எந்திரிச்சு வெளியே ஓடுச்சா?"

"இல்லப்பா. கட் சொல்லிட்டாங்க."

"அப்ப அந்தம்மாவுக்கு வாழை இல்ல போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த வாழையைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. வெளிச்சத்தை எப்படி மாற்றுவது என்று நாங்கள் இருபது பேர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். வெளிச்சம் மாறினால் அவள் எதற்காகப் பயப்பட வேண்டும் என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நமக்குக் கிடைத்த பாடப் புத்தகம் நம் பெற்றோருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவர்களும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்து இருட்டறையில் நிறமாலைமானியைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரைதான் நினைவுக்கு வருகிறது. நான் கற்ற சொல்லும் அவர் கண்ட ஓரமும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அது. அந்தச் சந்திப்புக்கு ஒரு சினிமாக்காரர் கேட்ட கேள்வி வேண்டியிருந்ததே என்பதுதான் என் வெட்கம். அந்தக் கேள்வியை நான் முன்னமே வீட்டில் கேட்டிருக்கலாம்.

இந்த ஆண்டு அப்பா மறுபடியும் குத்தகை பிடித்திருக்கிறார். மறுபடியும் வாழைதான். இந்தத் தடவை முட்டுக் கம்பு எல்லா மரத்துக்கும் வாங்கியாயிற்று. வெட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் வீட்டிலிருக்கும்போது, படித்துக்கொண்டே இருந்தாலும், நானும் இப்போது தரையைப் பார்க்கிறேன்.